அமானுஷ்ய சக்திக்காரர்களுக்குச் சர்க்கார் பதிவு வேண்டுமா?

ஒரகடத்திலிருந்து ஒரு வாலிபத் தோழர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். மோட்டார் வண்டிக்கு உறுப்புகள் செய்யும் ஒரு கம்பெனியில் கண்ட்ராக்ட் ஆளாய் வேலை பார்க்கிறாராம். ஒரே அறையில் ஏழு பேராய்த் தங்கியிருக்கிறார்களாம். ஒரு நாள் ராத்திரி ஷிப்டு முடிந்து அறைக்கு வந்து, படுக்கப் போகிற சமயத்தில் ஏழு பேரும் கைபேசியில் ஓர் அமெரிக்கப் படம் பார்த்தார்களாம். "கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்" என்று 2016-ல் வந்த படம் அது. அதில் ஆகாயத்தில் பறக்கிறவன், மோட்டாரைத் தூக்கி எறிகிறவன், கையை நீட்டிக் கட்டடத்தைப் பெயர்க்கிறவள் என்று மனுஷ சக்திக்கு மீறிய சக்தி படைத்த சிலர் இருக்கிறார்கள். அவர்கள் கெட்டவர்களோடு போடுகிற சண்டையில் ஊர்கள் பாழாகின்றன. ஏதுமறியாத ஜனங்கள் சாகிறார்கள். ஆகவே 117 தேசங்கள் கூடி, இனிமேல் இவர்கள் தங்கள் உத்தரவின்படிதான் நடக்க வேண்டும் என்று ஓர் ஒப்பந்தம் எழுதுகின்றன. இந்தப் படத்துக்கு ஆதாரமாய் 2006-ல் வெளிவந்த சித்திரக் கதைகளில் இன்னும் வெளிப்படையாகவே, சக்தி உள்ளவன் ஒவ்வொருவனும் தன் மெய்ப்பெயரைச் சர்க்காரிடம் பதிந்துகொள்ள வேண்டும் என்று சட்டமே போட்டுவிடுகிறார்கள்.

படத்தில் இரண்டு கட்சி ஆனது போலவே அறையிலும் இரண்டு கட்சி ஆகிவிட்டதாம். நாலு பேர் "பதிவு வேண்டும்" என்கிறார்களாம். மூன்று பேர் "கூடாது" என்கிறார்களாம். "தங்கள் பத்திரிகையின் அபிப்பிராயத்தைத் தெரிவித்தால் எங்கள் சண்டை தீரும்" என்று தோழர் கேட்கிறார்.

கடிதத்தைப் படித்தவுடன், வேலையற்ற கேள்வி என்று ஒதுக்கி வைக்கத்தான் நமக்குத் தோன்றியது. பிறகு யோசித்துப் பார்த்ததில், இதைவிட வேலையுள்ள கேள்வி இந்த வாரத் தபாலில் வேறொன்றும் வரவில்லை என்றே பட்டது. ஏனென்றால் அமானுஷ்ய சக்தி உள்ளவன் என்று சொல்லிக்கொள்கிறவனைக் காண நாம் அமெரிக்காவுக்கோ சினிமாவுக்கோ போக வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரானாலும் வேறெந்த ஊரானாலும் பஸ் நிற்கிற இடத்துச் சுவரைப் படித்தால் போதும். பிரிந்தவரைச் சேர்க்கிறவன், சத்துருவை ஒழிக்கிறவன், முகத்தைப் பார்த்தே மூன்று ஜென்மத்தைச் சொல்லுகிறவன் என்று எத்தனை பேர்! அமெரிக்கனுக்குச் சித்திரக் கதை, நமக்குத் தெருக்கதை. அவ்வளவுதான் வித்தியாசம். அதோடு, பதிவு என்பதும் விளையாட்டுச் சமாசாரமல்ல. இந்தக் கடிதம் எழுதிய தோழரே விரல் ரேகையைக் கொடுத்துத்தான் ஆதார் வாங்கியிருப்பார். அட்டையைக் காட்டித்தான் கேட்டுக்குள் நுழைகிறார். கண்ட்ராக்டருடைய பேரேட்டில் பெயர் இருந்தால்தான் அவருக்குக் கூலி. பதிவேட்டினாலேயே வாழ்கிறவர் பதிவேட்டைப் பற்றிக் கேட்பதில் என்ன தப்பு?

ஆனால் முதலாவதாக ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பதிவேட்டைத் திறந்து வைத்தால் அதில் எழுதுவதற்கு ஆள் உண்டா என்பதே அது. இதற்கு நாம் வாதம் செய்ய வேண்டியதில்லை. பதிவேடு திறந்தே பார்த்தாகிவிட்டது.

இலங்கையில் ஆபிரகாம் கோவூர் என்று ஒரு பெரியவர் இருந்தார். மலையாள நாட்டில் திருவல்லாவில் 1898-ல், ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தவர். தாவர சாஸ்திரம் கற்பிக்கும் உபாத்தியாயராய் யாழ்ப்பாணத்திலும் பிறகு கொழும்பிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் 1963-ல் ஒரு பந்தயம் கூறினார். அமானுஷ்ய சக்தி உள்ளவன் எவனானாலும் வந்து, மோசடிக்கு இடமில்லாத முறையில் அதைச் செய்து காட்டினால் ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அறிவித்தார். என்ன செய்து காட்ட வேண்டும் என்று 23 காரியங்களை அவரே எழுதியும் கொடுத்தார். ஒட்டிய உறைக்குள் இருக்கும் நோட்டின் நம்பரைப் படிக்கலாம், தண்ணீர்மேல் நடக்கலாம், இப்படி எது இஷ்டமோ அதைச் செய்யலாம். விளையாட்டுக்கு வருகிறவர்களைத் தடுப்பதற்காக ஆயிரம் ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும். ஜெயித்தால் அதுவும் திரும்பிவிடும். வெறுங்கையில் தங்கம் வரவழைக்கிறவர்களுக்கு ஆயிரம் ரூபாய் ஒரு பெரிய தொகையா? ஆனால் 1978-ல் கோவூர் சாகிற வரையில் அந்த லட்ச ரூபாய் அவரிடமே இருந்தது. அவருக்குப் பின் கோயமுத்தூர் பக்கத்துப் போத்தனூரில் இருந்த பிரேமானந்த் என்ற பகுத்தறிவாளர் அதே பந்தயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராய்ப் போனார். கையில் விபூதி வரவழைப்பதையும், நாக்கில் வேல் குத்துவதையும், கற்பூரத்தை விழுங்குவதையும் தாமே செய்து காட்டி, செய்கிற விதத்தையும் சொல்லிக் கொடுத்தார். 2009-ல் அவரும் காலமானார். லட்ச ரூபாயை ஜெயிக்க ஒருவரும் வரவில்லை.

அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி என்ற செப்படி வித்தைக்காரர் 1964-ல் ஆயிரம் டாலரில் ஆரம்பித்த பந்தயம் பிற்காலத்தில் பத்து லட்சம் டாலராய் வளர்ந்தது. ஆயிரம் பேருக்கு மேல் மனுப்போட்டார்கள். முதற் பரீட்சையைத் தாண்டினவர் ஒருவருமில்லை. 2015-ல் அந்தக் கடையையும் மூடிவிட்டார்கள்.

"இதெல்லாம் நாஸ்திகர்கள் வைத்த பரீட்சை, அவர்கள் முன் தெய்வசக்தி வேலை செய்யாது" என்று ஒருவர் சொல்லக்கூடும். சரி, நாஸ்திகரல்லாத, நம்பிக்கையோடு பணம் போட்ட ஒரு சர்க்காரின் கதையையே பார்ப்போம். ருஷியாவில் மனோசக்திக்காரர்கள் இருக்கிறார்களாம் என்ற பயத்தில் அமெரிக்க ராணுவமும் உளவு இலாகாவும் 1970-க்குப் பின் இத்தகைய ஆட்களைத் தேடிப்பிடித்து, சம்பளம் கொடுத்து, ஒரு அறையில் உட்கார வைத்து, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் எதிரி என்ன கட்டுகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னார்கள். "ஸ்டார்கேட்" என்பது இந்த வேலைக்குக் கடைசியில் வைத்த பெயர். இருபது வருஷத்துக்கு மேல் நடந்தது. சுமார் இரண்டு கோடி டாலர் செலவாயிற்று. 1995-ல் வெளியாட்களை வைத்துக் கணக்குப் பார்த்தபோது, உளவு வேலை ஒன்றுக்காவது இவர்கள் சொன்னது வழிகாட்டியதாய் இல்லை என்று தெரிந்து மூடிவிட்டார்கள். ஆகவே தோழரே, அமானுஷ்ய சக்திக்காரருக்குச் சர்க்கார் பதிவேடு என்பது நடந்து முடிந்த சங்கதி. உலகத்திலேயே பெரிய சர்க்கார் திறந்த அந்தப் பேரேட்டில் செலவுப் பக்கம் நிறைந்திருந்தது. வரவுப் பக்கம் வெறும் தாள்.

அப்படியானால் பேச்சு இதோடு முடிந்ததா என்றால், இல்லை. சக்தி இல்லாவிட்டாலும், சக்தி இருப்பதாக நம்புவது இருக்கிறதே, அது என்னென்ன செய்யும் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. இன்ன கூட்டத்தாருக்குப் பிறவியிலேயே சாதாரண மனுஷருக்கில்லாத குணம் இருக்கிறது என்று நம்பி, அவர்களை எல்லாம் பேரேட்டில் எழுதிய சர்க்காரும் ஒன்று உண்டு. அது நம்மை ஆண்ட சர்க்காரே.

1871-ல் வெள்ளைக்காரன் குற்றப்பரம்பரைச் சட்டம் என்று ஒன்று போட்டான். 1911-ல் அதைத் திருத்திச் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தான். திருடுவது சிலருக்குத் தொழிலல்ல, பிறவிச் சக்தி, ரத்தத்திலேயே வருகிறது என்பதுதான் அந்தச் சட்டத்தின் தத்துவம். பிறவியால் ஒருவன் உயர்ந்தவன் என்று நம் சாஸ்திரக்காரன் சொல்லிக் கொடுத்ததை, பிறவியால் ஒருவன் திருடன் என்று வெள்ளைக்காரன் திருப்பி எழுதிக்கொண்டான். குருவும் சிஷ்யனும் பொருத்தமாய்த்தான் அமைந்தார்கள். அதன்படி பெயர் பதிந்தார்கள். விரல் ரேகை எடுத்தார்கள். பதிவானவன் ராத்திரியில் போலீஸ் சொன்ன இடத்தில் வந்து படுக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் போவதற்குச் சீட்டு வாங்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ஜனங்கள் "ரேகை வைக்கமாட்டோம்" என்று நின்றதற்காக, 1920 ஏப்ரல் 3-ந் தேதி போலீசார் சுட்டதில் ஒரு பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டார்கள். அந்தச் சட்டம் இந்த மாகாணத்தில் ஒழிந்தது 1947-ல். திருடினவனைப் பிடித்துத் தண்டிக்கச் சாதாரணச் சட்டம் இல்லாமலா இருந்தது? இருந்தது. ஆனால் அதற்குச் சாட்சி வேண்டும், ருஜு வேண்டும். பிறவியைப் பதிந்துகொண்டால் ருஜுவே வேண்டியதில்லை.

அறையில் "கூடாது" என்று சொன்ன மூன்று பேரும் இந்தக் கதையைத் தெரிந்துகொண்டுதான் சொன்னார்களோ என்னவோ, அவர்கள் பக்கத்து நியாயம் இதுதான்.

இனி, "வேண்டும்" என்ற நாலு பேருக்கும் நியாயம் இல்லாமலில்லை. அதற்கும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் சீமையில் ஏரிக்கரையிலும் வயற்காட்டோரத்திலும் குடிசை போட்டிருக்கும் இருளர்களை நம் வாசகர்கள் அறிவார்கள். இவர்களுக்குப் பாம்பை மயக்கும் மந்திரம் தெரியும், பாம்பு இவர்களைக் கடிக்காது, கடித்தாலும் ஏறாது என்று ஊரில் எல்லோரும் சொல்லுவார்கள். மெய் என்னவென்றால் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. மண்ணில் பாம்பு ஊர்ந்த தடம், வளை வாயில் கிடக்கும் செதிள், எச்சம், உரித்த சட்டை, எலி வளையா பாம்பு குடியேறிய வளையா என்ற வித்தியாசம் இவற்றையெல்லாம் சிறு பிள்ளையிலிருந்து தகப்பனோடும் தாயோடும் காட்டில் சுற்றிக் கற்றுக்கொள்கிறார்கள். நம் தோழர் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே எங்கே பழுது என்று சொல்லுவதில்லையா, அதுபோலத்தான். கவனக்குறைவாய் இருந்தால் இருளரையும் பாம்பு கடிக்கும். கடித்தால் அவர்களும் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

முன்காலத்தில் இவர்கள் பாம்பைக் கொன்று தோலை விற்றார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்பு தோல் ஏற்றுமதித் தடையும் வந்தவுடன் பிழைப்புப் போயிற்று. நேற்றுவரை தொழிலாய் இருந்தது இன்று குற்றமாயிற்று. அந்த நிலைமையில் 1978-ல், ரோமுலஸ் விட்டேக்கர் என்ற பாம்பு ஆராய்ச்சிக்காரர் துணையோடு, இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. மாமல்லபுரம் போகும் கடற்கரை ரஸ்தாவில் வடநெம்மேலியில் அது இருக்கிறது. சர்க்கார் லைசென்ஸ் கொடுக்கிறது. எந்தப் பாம்பை, எத்தனை பிடிக்கலாம் என்று கணக்கும் கொடுக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நாலையும் பிடித்து வந்து மண்பானையில் வைத்து, சுமார் மூன்று வாரத்துக்குள் நாலு தடவை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிளில் அடையாளம் செய்து, காட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் கொஞ்சங் கொஞ்சமாய்க் குதிரைக்கு ஏற்றி, குதிரை ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்துத்தான் பாம்புக் கடிக்கு ஊசி மருந்து செய்கிறார்கள். இந்தியாவில் செய்யப்படும் இந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி இந்த இருளர் சங்கத்திலிருந்தே போய்க்கொண்டிருந்திருக்கிறது. சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவரை 2017-ல் அமெரிக்காவின் பிளாரிடா மாகாணத்துச் சர்க்கார் அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்பைப் பிடிக்க அழைத்தது. அவர்கள் போய் முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. மனோசக்திக்காரனை இருபது வருஷம் உட்கார வைத்து ஒன்றும் காணாத அதே அமெரிக்கா, எழுத்து வாசனையற்ற இரண்டு இருளருடைய கைவேலையில் இரண்டே வாரத்தில் பலன் கண்டது என்பது வேடிக்கையாக இல்லையா?

ஆகவே, பதிவு என்றாலே கெடுதி என்று நாம் சொல்லமாட்டோம். இங்கே பதிவு செய்யப்பட்டது பிறவியல்ல, ஒரு தொழில். பதிந்துகொண்டவர்கள் தாங்களே கூடிக் கேட்டுப் பதிந்துகொண்டார்கள். குற்றப்பரம்பரைப் பேரேடும் சர்க்கார் தாள்தான், இருளர் சங்கத்து லைசென்ஸும் சர்க்கார் தாள்தான். முன்னது ராத்திரியில் ஆளை எழுப்பிக் கணக்கெடுத்தது. பின்னது வன அதிகாரி பிடித்தால் காட்டிக் கொள்ள உதவுகிறது.

இவ்வளவு சொல்லும்போதே வேறொன்றும் சொல்லாமலிருக்க முடியவில்லை. பாம்புக்காக லைசென்ஸ் கிடைத்த இந்தச் சமூகத்தார்தான், தங்கள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஜாதிச் சான்றிதழ் கேட்டுத் தாலுகா கச்சேரிக்கு நடையாய் நடக்கிறார்கள். "நீ இருளன் என்பதற்கு அத்தாட்சி என்ன?" என்று அதிகாரி கேட்கிறார். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் ஜில்லாக்களில் மரம் வெட்டும் இடங்களில் சில ஆயிரம் ரூபாய்க் கடனுக்காக வருஷக்கணக்கில் கொத்தடிமையாய்க் கிடந்த 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள், அவர்களும் இருளர்கள்தான். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு கிழவர் விழுந்து கிடந்த படத்தைப் பத்திரிகைகளில் பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமாநுஜரை ஆதிசேஷன் என்ற ஆயிரம் தலைப் பாம்பின் அவதாரம் என்கிறார்கள். அதற்கு ஒரு தாசில்தாரும் அத்தாட்சி கேட்டதாய்த் தெரியவில்லை. மெய்யான பாம்பை மெய்யான கையால் பிடிக்கிறவன்தான், தான் யார் என்பதற்கு அத்தாட்சி கொண்டுவர வேண்டியிருக்கிறது.

இதே பாம்பு விஷயத்திலேயே பதிவில்லாத சக்திக்காரன் செய்கிற வேலையையும் பாருங்கள். 2000-லிருந்து 2019 வரையில் இந்தியாவில் பாம்பு கடித்துச் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆராய்ச்சிக்காரர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வருஷத்துக்கு ஐம்பத்தெட்டாயிரம் பேர்! ஊசி மருந்து இருந்தும் ஏன் சாகிறார்கள்? காரணம் பல உண்டு. ஆஸ்பத்திரி தூரம், மருந்து கையிருப்பில்லை, கடிபட்ட இடத்திலிருந்து வண்டி இல்லை. ஆனால் முக்கியமான காரணங்களில் ஒன்று, கடிபட்டவனை முதலில் மந்திரிக்கிறவனிடம் தூக்கிக்கொண்டு போய் வேப்பிலை அடிப்பது. விஷமில்லாத பாம்பு கடித்தவன் மந்திரித்தாலும் பிழைப்பான், மந்திரிக்காவிட்டாலும் பிழைப்பான். அந்தப் பிழைத்தவர்களெல்லாம் மந்திரவாதியின் கணக்கில் வரவு. விரியன் கடித்தவன் செத்தால் அது விதியின் கணக்கில் பற்று. இந்த மந்திரவாதிக்கு எந்தப் பேரேட்டிலாவது பெயர் உண்டா?

இல்லை. இந்த இடத்தில்தான் நாலு பேர் கட்சிக்கு வலு வருகிறது. ஒரகடத்தில் டீக்கடை வைக்கிறவன் 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். லாரி ஓட்டுகிறவனுக்கு லைசென்ஸ் வேண்டும். பாய்லர் பார்க்கிறவனுக்குச் சர்டிபிகேட் வேண்டும். வைத்தியம் படித்துப் பட்டம் வாங்கினவன்கூடக் கவுன்சிலில் பெயர் பதியாமல் நாடி பிடித்துப் பார்க்கக்கூடாது. ஆனால் "என் கையிலுள்ள சாம்பல் புற்றுநோயைப் போக்கும்" என்று சொல்ல ஒரு சீட்டும் வேண்டியதில்லை. காரைப் பாருங்கள்: உருளைமேல் ஓட்டிப் பிரேக் சோதிக்கிறார்கள், தண்ணீர் பீய்ச்சிக் கதவு சோதிக்கிறார்கள், நம்பர் அடிக்கிறார்கள், பதிவு செய்கிறார்கள். இத்தனையும் முடிந்த பிறகு டயருக்கடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிடுகிறார்கள். வண்டியில் சோதனையாகாத சாமான் அந்த எலுமிச்சம்பழம் ஒன்றுதான்.

ஆகவே சாமியாருக்கும் ஒரு லைசென்ஸ் கொடுத்துப் பேரேட்டில் போட்டுவிடலாமே என்று கேட்டால், அங்கேதான் நாம் நாலு பேர் கட்சியை விட்டுப் பிரிய வேண்டியிருக்கிறது. லாரி லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரி, ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்துக் கொடுக்கிறார். தெய்வசக்திக்கு லைசென்ஸ் கொடுக்கிறவர் எதைப் பார்த்துக் கொடுப்பார்? பார்த்துக் கொடுப்பதானால் கோவூர் கண்டதுபோல் ஒருவரும் தேறமாட்டார்கள். பார்க்காமல் கொடுப்பதானால், "சர்க்காரால் அங்கீகரிக்கப்பட்ட அவதார புருஷர்" என்று அடுத்த நாளே வாசலில் போர்டு தொங்கும். இப்பொழுதே ஏதோ ஒரு டிரஸ்டைப் பதிவு செய்துவிட்டு, அந்தப் பதிவு நம்பரை ஜோசியப் போர்டில் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். டிரஸ்டுதான் பதிவாகியிருக்கிறது, சக்தி பதிவாகவில்லை என்பது கிராமத்திலிருந்து வருகிற தாய்க்கு எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சர்க்கார் நம்பர் இருக்கிறது என்பதுதான். கள்ள நோட்டுக்குச் சர்க்காரே முத்திரை குத்திக் கொடுப்பது போல்தான் இது முடியும்.

மேலும், பேரேட்டில் இருந்தால் மட்டும் அவன் யோக்கியனாய் இருப்பானா? இலங்கையிலிருந்து 1984-ல் வந்து புதுக்கோட்டை ஜில்லா விராலிமலைப் பக்கத்தில் ஆசிரமம் வைத்த பிரேமானந்தா சாமியாரை மறந்துவிட்டோமா? (போத்தனூர்ப் பகுத்தறிவாளருக்கும் இவருக்கும் பெயர்தான் ஒன்று.) வெறுங்கையில் விபூதி எடுத்தார், சிவராத்திரிக்கு வாயிலிருந்து லிங்கம் எடுத்தார். பார்க்க வந்தவர்களில் படித்தவர்களும் பணக்காரர்களும் வெளிதேசத்தாரும் இருந்தார்கள். அவருக்குக் குறைந்திருந்தது பதிவா, மரியாதையா? இரண்டுமல்ல. ஆசிரமத்தில் வளர்ந்த பெண் பிள்ளைகள் வெளியே வந்து வாய் திறந்த பிறகுதான் 1994-ல் கைதானார். 1997-ல் புதுக்கோட்டை நீதிமன்றம் பதின்மூன்று பெண்களைக் கெடுத்ததற்கும் ஓர் இளைஞரைக் கொன்றதற்கும் இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது. 2005-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. 2011-ல் கைதியாகவே செத்தார். அந்த வழக்கில் லிங்கம் மெய்யா பொய்யா என்று ஒருவரும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு பெண்ணின் கலைக்கப்பட்ட கருவை மரபணுச் சோதனை செய்து தகப்பன் யார் என்று கண்டுபிடித்தார்கள். அந்தப் பெண் பிள்ளைகள் துணிந்து சொன்னதும், அதை எழுதிக்கொள்ள ஒரு போலீஸ்காரர் கிடைத்ததும்தான் அங்கே வேலை செய்த சக்தி.

நாம் கேட்பது ஆளுக்குப் பதிவல்ல, செய்கைக்குத் தண்டனை. அதற்குச் சட்டம் கொஞ்சம் இருக்கவும் இருக்கிறது. 1954-லேயே மருந்து, மந்திர வைத்திய விளம்பரச் சட்டம் என்று ஒன்று போட்டிருக்கிறார்கள். தாயத்து, மந்திரம், கவசம் இவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்தால் முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை ஜெயில் என்று அதில் இருக்கிறது. எழுபது வருஷமாய் அமலில் உள்ள சட்டம்! அதைப் படித்துவிட்டு இன்று ராத்திரி டெலிவிஷனைத் திருப்பிப் பாருங்கள், அல்லது நாம் மேலே சொன்ன பஸ் நிறுத்தத்துச் சுவரைப் பாருங்கள். மகாராஷ்டிரத்தில் நரேந்திர தபோல்கர் என்ற டாக்டர், அற்புதம் காட்டிப் பணம் பறிப்பதைக் குற்றமாக்கச் சட்டம் வேண்டும் என்று பல வருஷம் அலைந்தார். 2013 ஆகஸ்டு 20-ந் தேதி காலையில் உலாவப் போன இடத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் செத்த சில நாளில் அவசரச் சட்டமும் அந்த வருஷ முடிவில் நிரந்தரச் சட்டமும் வந்தன. கர்நாடகம் 2017-ல் தன் சட்டத்தை நிறைவேற்றியது. இந்த இரண்டிலும் சக்திக்காரருக்குப் பேரேடு ஒன்றுமில்லை. இன்ன இன்ன செய்தால் குற்றம் என்ற பட்டியல்தான் உண்டு. தமிழ்நாட்டிலும் அப்படி ஒன்று வேண்டுமென்று கேட்க நமக்கு ஏன் கூச்சம்?

கடைசியாக, அந்த அறையிலுள்ள ஏழு பேருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் சினிமாவில் பார்த்த சண்டை, ஒருசிலர் பதிவு செய்துகொள்ள மாட்டேன் என்று சர்க்காரோடு போட்ட சண்டை. உங்களுக்குச் சில மைல் தூரத்தில், இதற்கு நேர் தலைகீழான சண்டை ஒன்று நடந்தது. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் 2024-ல் ஒரு சங்கம் வைத்து, "எங்களைப் பதிவு செய்துகொள்ளுங்கள்" என்று மனுக் கொடுத்தார்கள். அன்று அமலில் இருந்தது 1926-ஆம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டம். கம்பெனிப் பெயரைச் சங்கத்துக்கு வைக்கக்கூடாது என்று கம்பெனி ஆட்சேபித்தது. பதிவு வரவில்லை. செப்டம்பர் 9-ந் தேதி வேலையை நிறுத்தினார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் 37 நாள் பந்தலில் உட்கார்ந்தார்கள், கைதானார்கள், ஹைகோர்ட்டுக்கும் போனார்கள். 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. இத்தனைக்கும் அவர்கள் பறக்கிறோம் என்றார்களா, மோட்டாரைத் தூக்கி எறிகிறோம் என்றார்களா? பிரிட்ஜும் சலவை இயந்திரமும் செய்கிற நாங்கள் கூடிப் பேச ஒரு பெயர் வேண்டும் என்றார்கள். சாதாரண மனுஷர் நூறு பேர் கூடுவதை ஓர் அமானுஷ்ய சக்தியாக நினைத்துச் சர்க்கார் யோசித்து யோசித்துப் பேரேட்டைத் திறந்தது இந்த ஒரு இடத்தில்தான்.

கடிதம் எழுதிய தோழருக்கு ஒரு வேண்டுகோள். படத்துச் சண்டையை இதோடு நிறுத்திக்கொண்டு, அடுத்த சம்பள நாளன்று ஏழு பேரும் சேர்ந்து கண்ட்ராக்டரிடம் போய், ஆஜர்ப் பட்டியலில் ஏழு பெயரும் சரியாக இருக்கின்றனவா, ஒவ்வொருவர் பெயரிலும் இ.எஸ்.ஐ. நம்பரும் பிராவிடண்டு பண்டு நம்பரும் இருக்கின்றனவா, மாதாமாதம் பிடித்த பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தனியாகப் போக வேண்டாம். ஏழு பேராகவே போகவும். கண்ட்ராக்டர் என்ன சொன்னார் என்பதை அடுத்த கடிதத்தில் எழுதினால் அதையும் இதே இடத்தில் பிரசுரிப்போம்.